காலாண்டுத் தேர்வு நிறைவும் மதிய உணவும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் மாணவர்களிடம் வழங்கப்பட்டுவிட்டன. தேர்ச்சி மனநிறைவு தருகிறது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றுள்ளனர். உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

இக்கடிதம் எழுதுவதற்கு முதன்மையான காரணம் வேறு. ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களில், குறிப்பாக மாணவியரில், பலர் மதிய உணவில் எண்ணெய்ப் பசையுள்ள எதையும் தொடுவதில்லை என்பதை வகுப்பாசிரியர்கள் சில வாரங்களாகக் கவனித்து வருகிறார்கள். முட்டையின் மஞ்சள் கரு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. தேங்காய்ச் சட்னி திறக்கப்படாமலே வீடு திரும்புகிறது. சில டப்பாக்களில் வெள்ளரித் துண்டுகளைத் தவிர வேறொன்றுமில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைசுற்றி உட்காரும் பிள்ளைகளைக் கேட்டால், கொழுப்பே கூடாது என்று கைப்பேசியில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். இவர்களில் சிலர் உயிரியல் தேர்வில், கொழுப்பை அடிப்படையாகக் கொண்ட செல் சவ்வைப் பிழையின்றி வரைந்து முழு மதிப்பெண் பெற்றவர்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

உங்கள் சமையலறைக்குள் நுழைவது பள்ளியின் வேலையன்று என்பதை அறிவேன். ஆதலால் பாடநூலில் உள்ளதையே சற்று விரித்துச் சொல்கிறேன். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்துள்ள சவ்வுக்கு அடிப்படை, பாஸ்போலிப்பிட் எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகள்தாம். நீரை நாடும் தலைகள் வெளிப்புறமாகவும் நீரை விலக்கும் வால்கள் உட்புறமாகவும் அவை இரண்டு அடுக்குகளாக நிற்கின்றன. 1925ஆம் ஆண்டில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் நெதர்லாந்து அறிவியலாளர்கள், இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து நீரின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்து, அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு வருவதைக் காட்டினார்கள். இச்சவ்வு அசையாத உறையன்று என்றும், கொழுப்பு மூலக்கூறுகள் ஓயாமல் இடம்பெயர, அவற்றினூடே புரதங்கள் மிதக்கின்றன என்றும் 1972இல் சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவரும் விளக்கினர். குளுக்கோஸை உள்ளே விடுவதும், சோடியத்தை வெளியேற்றுவதும், இன்சுலின் கொண்டுவரும் செய்தியை வாங்கிக்கொள்வதும் அப்புரதங்களின் பணி. அப்பணி நடக்கச் சவ்வு இறுகிவிடாமலும் மிகையாக இளகிவிடாமலும் இருக்க வேண்டும்.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களின் வால்கள் நேராக இருப்பதால் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. நல்லெண்ணெயில் மிகுந்துள்ள நிறைவுறாதவற்றின் வால்கள் வளைந்திருப்பதால் அவற்றால் அவ்வாறு அடுக்கிக்கொள்ள இயலாது. செல் சவ்விலுள்ள வால்களும் கொழுப்பு அமிலங்களே என்பதால் அங்கும் இதே கணக்குத்தான். பிள்ளைகள் பெயரைக் கேட்டாலே அஞ்சும் கொலஸ்டிராலும் அங்கேதான் ஊடே நின்று சமநிலை காக்கிறது. அதை உடலே ஆக்கிக்கொள்ளும். ஆனால் லினோலியிக், ஆல்பா லினோலெனிக் என்னும் இரண்டு கொழுப்பு அமிலங்களை நம் உடலால் ஆக்க இயலாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். கொழுப்பு அறவே நீக்கிய உணவில் வளர்ந்த எலிகளின் வளர்ச்சி நின்று, வால்கள் செதில் செதிலாக உரிந்ததை 1929இல் அமெரிக்காவின் பர் தம்பதியர் பதிவு செய்தனர். நரம்பிழைகளைப் போர்த்தி, செய்தி விரைந்து செல்ல உதவும் மயலின் உறையின் உலர் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொழுப்பே. மூளையில் அவ்வுறை உருவாவது பதின்ம வயதைக் கடந்தும் தொடர்கிறது. கேரட்டையும் கீரையையும் மட்டும் தின்றால் போதும் என்று எண்ணும் பிள்ளைகளுக்கு, அவற்றிலுள்ள, வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து உடலில் சேரவே சிறிது கொழுப்பு தேவை என்பதைச் சொல்லுங்கள். கீரைப் பொரியலுக்குத் தாளிப்பதும் தேங்காய்ப்பூ தூவுவதும் வீண் செலவன்று.

பொரித்த பண்டங்களுக்குப் பரிந்து பேசுவதாகக் கொள்ள வேண்டாம். வனஸ்பதி போன்றவற்றில் வரும் டிரான்ஸ் கொழுப்பு தீங்கானது என்பதால்தான், எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என 2022 முதல் நாட்டில் விதி நடைமுறையில் உள்ளது. பள்ளி வாசலில் விற்கும் பண்டங்களைப் பற்றிய என் கருத்து நீங்கள் அறிந்ததே.

சில செய்திகளைக் கண்டிப்புடன் கூற வேண்டியுள்ளது. எடை குறைப்பதற்கான மாவு, பானம், மாத்திரை எதுவும் மருத்துவரின் எழுத்துப்பூர்வ அறிவுரையின்றிப் பள்ளிக்குள் வரக்கூடாது. வந்தால் வாங்கி வைக்கப்பட்டுப் பெற்றோரிடம் நேரில் மட்டுமே ஒப்படைக்கப்படும். பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு, வகுப்பில் கவனம் இல்லை என்று ஆசிரியரிடம் முறையிடுவது முறையாகாது. உறவினர் முன்னிலையில் பிள்ளையின் உடல்வாகைக் கேலி செய்யும் வழக்கத்தையும் அருள்கூர்ந்து நிறுத்துங்கள். இக்கேலியில் தொடங்கிய உணவு மறுப்புகளையே நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம்.

எடை குறைக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அடிக்கடி மயக்கமோ, மாதவிடாய் தள்ளிப்போவதோ இருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வரும் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியர்கள் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுவார்கள்; பிள்ளைகள் முன்னிலையில் அல்ல.

விடியற்காலையில் எழுந்து சமைத்துக் கட்டிக் கொடுக்கும் தாய்மார்களுக்கும், நண்பகலில் வேலைக்கு நடுவே சூடான சாப்பாட்டுடன் வாசலில் வந்து நிற்கும் தந்தையருக்கும் தாத்தா பாட்டியருக்கும் பள்ளியின் சார்பில் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்