‘கிளாரிஃபை’ என்ற சொல்லைப் பற்றி சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் மைதானத்தை ஒரு சுற்று சுற்ற முடிகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மொழிபெயர்க்கிற பழைய ஆங்கிலப் பத்தியில் ‘கிளாரிஃபை’ வருகிறது, ‘தெளிவாக்கு’ என்று போட்டால் பொருள் உட்காரவில்லை என்றாய். உட்காராதுதான். அந்தக் காலத்தில் அதற்கு ‘மகிமைப்படுத்து’ என்ற பொருளும் உண்டு. 1380களில் ஆங்கிலத்தில் வந்த விக்லிஃப் பைபிளை எடுத்து யோவான் 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பார். நம் தமிழ் பைபிளில் ‘உம்முடைய குமாரனை மகிமைப்படுத்தும்’ என்று இருக்கிறதே, அந்த இடத்தில் விக்லிஃப் பைபிள் ‘கிளாரிஃபை’ என்கிறது. லத்தீன் பைபிளிலிருந்து மொழிபெயர்த்தவர்கள் அங்கிருந்த ‘கிளாரிஃபிகா’வை அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். 1526இல் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்த டின்டேல் ‘குளோரிஃபை’ என்று போட்டார். 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளும் அதையே வைத்துக்கொண்டது.

லத்தீன் ‘கிளாருஸ்’ என்பதற்குக் கணீரென்ற குரல், வெளிச்சம், பெரும்புகழ் எல்லாமே பொருள்தான். ரோமாபுரியில் செனட்டர் அந்தஸ்தில் இருந்தவர்களுக்கு ‘கிளாரிஸ்ஸிமுஸ்’ என்று பட்டமே இருந்தது. அதனால் உன் பத்தியில் வருவது ஆண்டவரையோ அரசனையோ பற்றியது என்றால், தயங்காமல் ‘மகிமை’ போடு.

சமையல்கட்டுக்கு இந்தச் சொல் வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. திராட்சை மது, தேன், சூப் போன்றவற்றைக் கசடு நீக்கித் தெளிய வைப்பதற்கும் இதே வினைதான். பிரெஞ்சு சமையல்காரர்கள் இன்றும் செய்கிறார்கள்: ஆறிய சூப்பில் அடித்த முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, மெதுவாகச் சூடேற்றுவார்கள். வெள்ளைக்கரு இறுகும்போது கலங்கலையெல்லாம் பிடித்துக்கொண்டு மேலே ஆடைபோல் மிதக்கும். அதற்கு அடியில் அடிப்பாத்திரம் தெரிகிற அளவுக்குத் தெளிந்த சூப். வெள்ளைக்கருவுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பழைய பெயர் ‘கிளேர்’, அதுவும் ‘கிளாருஸ்’ வழி வந்ததுதான். நம் நெய்யை அவர்கள் ‘கிளாரிஃபைட் பட்டர்’ என்பதும் இந்தக் கணக்கில்தான், வெண்ணெயின் ஈரம் வற்றி, கசண்டு அடியில் தங்கிவிடுகிறது அல்லவா?

விளக்கிச் சொல்லும் வேலைக்கு ஆங்கிலத்தில் வேறு வினைகளும் உண்டு, ஆனால் வேர் வேறு. ‘எக்ஸ்பிளெய்ன்’ என்றால் மேடு பள்ளத்தைச் சமப்படுத்துவது, ‘எக்ஸ்பிளிகேட்’ மடிப்பைப் பிரிப்பது, ‘எலூசிடேட்’ வெளிச்சம் காட்டுவது. ‘கிளாரிஃபை’ மட்டும் எனக்கு எதையோ எடுத்துப் போடுகிற வினையாகப் படுகிறது. வெள்ளைக்கருவைச் சேர்ப்பதுகூடக் கடைசியில் அதையும் சேர்த்து எடுத்துப் போடத்தானே?

அதனால்தான் இன்றைய அரசியல் பேச்சில் இந்தச் சொல் படும் பாடு எனக்கு வருத்தமாக இருக்கிறது. நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்லிவிட்டு, ‘கிளாரிஃபை பண்ணினேன்’ என்கிறார்கள். லண்டன் கார்டியன் பத்திரிகையில் ‘திருத்தங்களும் விளக்கங்களும்’ (‘கரெக்ஷன்ஸ் அண்ட் கிளாரிஃபிகேஷன்ஸ்’) என்று ஒரு பகுதி வருகிறது. தகவல் தவறு என்றால் திருத்தம், தகவல் சரியாக இருந்தும் தவறாகப் புரிந்துகொள்ள இடம் இருந்தால் விளக்கம். இந்த வேறுபாட்டை நாம் விட்டுவிடக் கூடாது, சேகர். தவறு செய்தவர் ‘தவறு’ என்றே சொல்லட்டும்.

அப்புறம், அந்தப் பத்தியை முழுவதும் நகல் எடுத்து அனுப்பு. முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்