சோலார் அறைச் சாவியைப் பள்ளிக்கூடத்திடம் கொடுங்கள்

அரசுப் பள்ளிகளுக்குக் கட்டடம் கட்டித் தரும் பொறியாளர்களுக்கும், அந்தக் கட்டடங்களுக்குள் எங்கள் பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் பசுமைப் படை என்கிற சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனுவுக்கு உங்கள் தரப்பிலிருந்து வந்த பதிலைப் படித்தேன். பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு அனுமதிக்க இயலாது என்று ஒரே வரி. அவர்கள் கேட்டது பெரிய விஷயம் எதுவுமில்லை. மாடியில் இருக்கிற 5 கிலோவாட் சோலார் பேனல்களை ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். படிக்கட்டுக்குக் கீழே பூட்டியிருக்கிற அறையைத் திறந்து, பேனல் மின்சாரத்தை ஃபேன், லைட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் காட்டுகிற உற்பத்தி எண்ணைத் தினமும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அந்த அறையின் சாவி தலைமை ஆசிரியரிடம்கூடக் கிடையாது. பேனல் மாட்டிய ஒப்பந்தக்காரரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அவரைக் கேட்டால் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன் என்கிறார். எந்த அலுவலகம் என்று கேட்டால் பதில் இல்லை.

நான் வயரிங் வேலை பார்க்கிறவன். வீடுகளுக்கு சோலார் மாட்டுகிற வேலையும் செய்கிறேன். என் மகள் இந்தப் பள்ளியில்தான் பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் நானும் ஓர் உறுப்பினர். அந்த முறையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாதுகாப்பு. உங்கள் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையாகக் கோர்த்த பேனல்களில் பல நூறு வோல்ட் டிசி, அதாவது நேர்த்திசை மின்சாரம், இருக்கும். வீட்டு மெயினை அணைப்பதுபோல அதை அணைத்துவிடவும் முடியாது; வெயில் பட்டுக்கொண்டிருக்கிற வரை பேனலில் மின்னழுத்தம் இருக்கத்தான் செய்யும். அதனால் பிள்ளைகள் வயரைத் தொட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இன்வெர்ட்டரின் முகப்பில் தெரிகிற எண்ணைப் படிக்கக் கண் இருந்தால் போதும், கை வேண்டாம். மாடிக்குப் போக வேண்டுமானால் கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் இருக்கிறது, கூட ஒரு ஆசிரியர் போவார், நானும் வருகிறேன். பேனலின் கண்ணாடிக்கு ஓரடி தள்ளி நின்று பார்ப்பதில் என்ன ஆபத்து என்று எழுத்தில் சொன்னால் அதற்கும் ஒரு வழி செய்யலாம். ஒரே வரியில் முடியாது என்று சொல்லிவிட்டால் நாங்கள் எதைச் சரிசெய்வது?

சொல்லப்போனால், பூட்டி வைத்ததால்தான் நஷ்டம். அறையின் வென்டிலேட்டர் வழியாக எட்டிப் பார்த்தேன். இன்வெர்ட்டர் டிஸ்ப்ளே இருண்டு கிடக்கிறது. ஃபியூஸ் போயிருக்கலாம், எம்சிபி (கோளாறு வந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்திருக்கலாம். பத்து நிமிஷ வேலையாகவும் இருக்கலாம், பெரிய பழுதாகவும் இருக்கலாம். திறந்தால்தான் தெரியும். எப்போது நின்றது என்று பள்ளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 5 கிலோவாட்டுக்கு 20 யூனிட். 75 வாட் ஃபேன் 40-ஐ ஆறு மணி நேரம் ஓட்டினால் 18 யூனிட்தான் ஆகும். பள்ளியின் மொத்த ஃபேனும் சுற்றுகிற அளவுக்கு மின்சாரம் மாடியில் வெயிலாக விழுந்து வீணாகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தினமும் அந்த எண்ணை எழுதியிருந்தால், நின்ற அன்றைக்கே தெரிந்திருக்கும். எண் ஏன் நேற்றைவிட இன்று குறைந்தது என்று கேட்டிருக்கும். பேனலில் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தால் அந்த வரிசை முழுவதின் உற்பத்தியும் அடிபடும் என்பதையும், 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகிற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும் என்பதையும் அங்கேயே கற்றிருக்கும். வெயில் கூடினால் கரண்ட் கூடத்தானே வேண்டும் என்று என் மகள் என்னிடம் சண்டைக்கே வந்தாள். வெளிச்சம் வேறு, சூடு வேறு என்று வாயால் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த எண்களை ஒரு வாரம் எழுதியிருந்தால் அவளே எனக்குச் சொல்லியிருப்பாள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்தப் பேனல்களுக்கு நேர் கீழே இருக்கிற வகுப்பறை.

புதுக் கட்டடத்தின் மேல்தளம், மேற்கு ஓரத்து அறை. அறையின் நீளச் சுவர் மேற்கே பார்த்து நிற்கிறது. வெயிலை மறைக்க ஜன்னலுக்கு மேல் ஒரு சாண் அகலத்தில் சன்ஷேடு. ஜன்னல்கள் ஸ்லைடிங், எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேற்குச் சுவரை ஒட்டிய பெஞ்சுகளில் யாரும் உட்காருவதில்லை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உள்பக்கமாக ஒதுங்குகிறார்கள். ஃபேன் சுற்றினால் மேலே இருக்கிற சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மாலை ஸ்பெஷல் கிளாஸும் இதே அறையில்தான். போன மார்ச் மாதம் ஒரு பெண் பிள்ளை தலைசுற்றி பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டது. காலையில் சாப்பிடாமல் வந்திருக்கும் என்று பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தது.

போர்டில் லூஸ் கனெக்ஷன் கண்டுபிடிக்க நான் ஒரு கருவி வைத்திருக்கிறேன். தூரத்தில் இருந்தே ஒரு பொருளின் சூட்டைக் காட்டும். ஏப்ரலில் ஒரு நாள் ஸ்விட்ச் மாற்ற அந்த அறைக்குப் போனபோது அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் 38 டிகிரி. பழைய கட்டடத்து ஓட்டுக் கூரையின் அடிப்பக்கம் 45. பார்த்தீர்களா, ஓடுதான் மோசம் என்று ஒரு பையன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, நாலு மணிக்கு மறுபடி பாருங்கள் என்றேன். நாலு மணிக்கு ஓடு 38-க்கு இறங்கியிருந்தது. கான்கிரீட் 46-க்கு ஏறியிருந்தது. "மாமா, இது இன்னும் ஏறுது மாமா!" என்று கத்தினாள் ஒருத்தி. உச்சி வெயிலில் மேலே வாங்கிய சூடு அஞ்சு இஞ்ச் கான்கிரீட்டைக் கடந்து கீழே வந்துசேரச் சில மணி நேரம் ஆகிறது, நாம் ஸ்பெஷல் கிளாஸுக்கு உட்காரும் நேரத்துக்குச் சரியாக வந்துசேர்கிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அப்புறம் அந்தக் கருவியை என் கைக்குத் திருப்பி வாங்க முடியவில்லை. வேப்பமர நிழல், சத்துணவுக் கூடம், சைக்கிள் ஷெட்டின் தகரம், வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டி என்று பள்ளி முழுக்க ஓடினார்கள். வெப்பம் கடத்தல் என்று புத்தகத்தில் இருக்கிற பாடம் அது. நாங்கள் யாரும் அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை.

இந்தப் பிள்ளைகளைத்தான் மாடிக்கு விட முடியாது என்கிறீர்கள்.

கீற்றுக் கொட்டகைக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்தோம். அதன் பிறகு பள்ளிகளில் கீற்று போனது சரி, நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த இடத்துக்கு வந்த தகரமும் வெறும் கான்கிரீட்டும் பிள்ளைகளை வேறு விதமாக வாட்டுகின்றன. தீப்பிடிக்காத கூரை வேண்டும் என்று சட்டம் போட முடிந்த நம்மால், வேகவைக்காத கூரை வேண்டும் என்றும் யோசிக்க முடியும்தானே? இதற்கு வெளிநாட்டு அறிவு எதுவும் தேவையில்லை. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, அதன் மேல் தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓட்டைப் பதிப்பது நம் ஊர்க் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. எங்கள் புதுக் கட்டடத்தில் அதுவும் இல்லை. சிமெண்ட் பூச்சோடு விட்டுவிட்டார்கள். இங்கிருந்து பக்கத்தில்தான் திருவனந்தபுரம். செங்கலைக் குத்தி நிறுத்தி நடுவில் காற்று இடைவெளி விட்டுச் சுவர் கட்டுவதையும், கான்கிரீட்டுக்கு நடுவே பழைய ஓட்டை வைத்துத் தளம் போடுவதையும் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அங்கே ஊர் முழுக்கச் செய்து காட்டிவிட்டு 2007-ல் காலமானார். செங்கல் மிச்சம், சிமெண்ட் மிச்சம், உள்ளே சூடும் குறைவு. தெலங்கானா அரசு 2023-ல் வெயிலில் அதிகம் சூடேறாத குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்துவிட்டது. வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு ஒரு கோடைக்குள் அடித்து முடிக்கிற வேலை. நம்மிடமும் பசுமைப் பள்ளி என்று திட்டங்கள் அறிவிக்கப்படுகின்றன. நல்லது. எங்கள் மேற்கு ஓரத்து அறைக்கு அதில் ஒரு வாளி வெள்ளைப் பூச்சு வந்து சேரட்டும்.

எங்கள் பள்ளி வாசலில் நின்றால் காத்தாடிகள், அதாவது காற்றாலைகள், தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் மேல்காற்று வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை ஓயாது. காற்றாலைகளால் முப்பந்தல் இந்தியாவுக்கே தெரிந்த பெயர். தமிழ்நாட்டில் முதல் காற்றாலைகள் 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் சுழன்றன. கயத்தாறில் காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசு நிலையமே இருக்கிறது. ராமநாதபுரம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சோலார் நிலையங்களில் ஒன்று. இவ்வளவும் நம் தெற்கத்திச் சீமையில். ஆனால் எங்கள் ஊரில் காத்தாடி வேலைக்குப் போனவர்கள் யார் என்று பார்த்தால், முக்கால்வாசிப் பேர் வாட்ச்மேன். மேலே ஏறிப் பழுது பார்க்கிறவர் வெளியூரில் இருந்து வருகிறார். கம்பம் நட நிலம் கொடுத்தவரின் பேரன் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறான். அவன் பிளஸ் டூவில் இயற்பியலில் நல்ல மார்க் வாங்கினவன். இறக்கை ஏன் வளைந்திருக்கிறது, காற்று அதிகமானால் ஏன் சில காத்தாடிகளை நிறுத்துகிறார்கள் என்று பள்ளியில் ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. இது எனக்கு ஆறவில்லை.

பள்ளியில் என்ன நடக்கிறது என்றால் உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று உறுதிமொழி, ஓவியப் போட்டி, வாசகப் போட்டி. அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மகோலில் காற்றாலை செய்துவரச் சொல்கிறார்கள். பெற்றோர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டிக் கொடுக்கிறோம். சுற்றுச்சூழல் கல்வி எல்லா வகுப்புக்கும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. அதன்படி பாடம் வந்தது, தேர்வு வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் சாவி இல்லை.

அதனால்தான் திரும்பத் திரும்ப அந்தச் சாவியையே கேட்கிறேன். அந்த அறையைத் திறந்துவிடுங்கள். பழுது பார்க்க ஆள் அனுப்புங்கள்; அவர் வேலை செய்யும்போது பிள்ளைகள் நாலடி தள்ளி நின்று பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். மின்வாரிய பில்லின் ஒரு நகலை மாதாமாதம் அவர்களுக்குக் கொடுங்கள். அடுத்து எங்கள் பள்ளியில் வகுப்பறை கட்டும்போது, வரைபடத்தைக் கட்டி முடித்த பிறகு திறப்பு விழாவில் காட்டாமல், அஸ்திவாரம் தோண்டும் முன்பே பிளஸ் ஒன் பிள்ளைகள் முன்னால் விரித்து வையுங்கள். வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று உங்கள் பொறியாளர் ஒரு மணி நேரம் அவர்களோடு பேசட்டும். நீளச் சுவரை ஏன் மேற்கே வைக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் கிராமத்தில் நடக்கிற காரியமா என்று தோன்றினால், மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். அந்த ஊராட்சி 2006-ல் கடன் வாங்கிச் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வைத்தது. ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஓர் ஊராட்சியே காற்றாலையை நிர்வகிக்க முடியும் என்றால், ஒரு மேல்நிலைப் பள்ளியால் ஒரு நோட்டில் எண் எழுதி வைக்க முடியும்.

வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே அறையில்தான் என் மகள் இனி ஸ்பெஷல் கிளாஸுக்கு உட்காரப் போகிறாள். அந்தக் கவலையில் எழுதியது. இன்வெர்ட்டர் அறையின் எர்த்திங்கையும் வயரிங்கையும் கூலி வாங்காமல் சோதித்து, பாதுகாப்பாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுத் தர நான் தயார். உங்கள் பொறியாளர் ஒருவர் கூட இருந்து பார்த்தால் இன்னும் நல்லது. சாவியை யாரிடம், எந்தத் தேதியில் வாங்கிக்கொள்ளலாம் என்பதைப் பள்ளி திறப்பதற்கு முன் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மனுவில் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், பத்தாம் வகுப்பு மாணவியின் தகப்பன்