மகளின் மருந்துக் காலத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் மகள் இந்தத் தை மாதம் முன்பள்ளியில் சேர்ந்துவிட்டாள். வலிப்பு மருந்து நின்று ஓராண்டுக்கு மேலாகிறது. எல்லோர் வாசலுக்கும் வந்து சொல்ல வேண்டிய நன்றியை இம்மடலில் சொல்கிறேன்.

முதலில், பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக் கிளினிக்கில் எங்களை உட்கார வைத்துப் பேசிய வைத்தியருக்கு. பிறந்த மறுநாளே வலிப்பு கண்டு பீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளை இவள். மருந்து மூளையை மழுங்கடித்துவிடும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அதை அவரிடமே கேட்டேன். அவர் சிரித்து மழுப்பவில்லை. இது 1912 முதல் பாவனையில் உள்ள மருந்து என்றார். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளுக்கு இதைத் தினமும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 1990இல் வெளியானதாம். இரண்டு ஆண்டு முடிவில் அவர்களுடைய நுண்ணறிவு ஈவு (IQ), மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களுடையதைவிடச் சராசரியாக 8 புள்ளிக்கு மேல் குறைந்திருந்தது, வலிப்போ குறைந்தபாடில்லை. 2002இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எலிக்குட்டிகளில் கண்டதையும் சொன்னார். வளரும் மூளையின் நரம்புக் கலங்கள் தமக்குள் சமிக்ஞை பரிமாறிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். இது உட்பட சில வலிப்பு மருந்துகள் அதை மிகையாக அடக்கும்போது கலங்கள் தாமாகவே மடிந்துபோகின்றன.

என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. வைத்தியர் அதோடு விடவில்லை. எலிக்குட்டியின் கணக்கை அப்படியே பிள்ளைக்குப் போட முடியாது, ஓயாத வலிப்பும் மூளையைக் கெடுக்கும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பே வரலாம் என்றார். ஒரே மருந்து, வலிப்பை அடக்கப் போதுமான குறைந்த அளவு, தேவைப்படும் காலம் மட்டும்: அதுவே அவர் வழி. பின்னர் படிப்படியாக லெவெடிராசிட்டம் என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றினார். பிள்ளை சிடுசிடுப்பாள் என்று முன்கூட்டியே எச்சரித்தார். சிடுசிடுத்தாள், தாராளமாகவே. படிக்காத தோட்டத்துச் சனத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காமல் முழுவதையும் சொன்னாரே, அதற்குத்தான் இந்த நன்றி.

அவர் சிங்களத்தில் சொன்னதை ஒரு வரிகூட விடாமல் தமிழில் சொன்ன தாதிக்கும் நன்றி. மாத்திரையைக் கரைத்து ஊசியில்லாச் சிரிஞ்சில் அளந்து கொடுக்கப் பழக்கிய மருந்தாளருக்கும், மழையிலும் லயத்துக்கு ஏறி வந்து பிள்ளை தவழ்வதையும் பேசுவதையும் அட்டையில் குறித்துவைத்த மருத்துவிச்சி அம்மாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து அக்கா! வலிப்பு வந்தால் பக்கவாட்டில் கிடத்த வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, இரும்பைக் கையில் கொடுக்கக் கூடாது என்று கேட்டறிந்து, மற்றத் தாய்மாருக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள். ‘ஒட்டுவியாதி’ என்று முணுமுணுத்தவர்களின் வாயை அடைத்ததும் நீங்கள்தான்.

கிளினிக் நாட்களில் என் மனைவியின் நிரையையும் சேர்த்துக் கொழுந்தெடுத்த பெண்களுக்கும், நள்ளிரவில் எழுப்பியும் முகம் சுளிக்காத முச்சக்கர வண்டித் தம்பிக்கும் நன்றி. திருநீறு பூசும்போதெல்லாம் “மருந்தை மட்டும் விட்டுவிடாதே” என்று சேர்த்தே சொன்ன பூசாரி ஐயாவையும் மறக்கவில்லை.

மாசி மாதம் அவளுக்குப் பிறந்தநாள். மடுவத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாற்சோறு உண்டு. நீங்களும் வர வேண்டும்.

இவண்,
பிள்ளையின் தந்தை,
பொகவந்தலாவை