கராஜ் கதவைப் பற்றி அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். விசா கிடைத்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. நீங்கள் இங்கே தங்கப்போகும் மாதங்களில் நாங்கள் இருவரும் வேலைக்கும் குழந்தை பள்ளிக்கும் போய்விட்ட பிறகு, பகல் முழுவதும் வீட்டில் நீங்கள் இருவர் மட்டுமே இருப்பீர்கள் என்பதால், இந்த வீட்டில் நான் உண்மையாகவே அஞ்சும் ஒரு பொருளைப் பற்றி நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே விரிவாக எழுதிவிட நினைத்தேன். அது அடுப்பு அல்ல, மின்சாரமும் அல்ல. கராஜ் கதவு.

கராஜ் என்பது நாம் சொல்லும் கார் ஷெட்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது தனியாக நிற்காமல் வீட்டோடு ஒட்டியே கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு சிறு கதவைத் திறந்தால் சமையலறை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள் பலர் முன்வாசலை விருந்தினருக்கு விட்டுவிட்டுக் கராஜ் வழியாகவே போய் வருகிறார்கள். பனி கொட்டும் மாதங்களில் கார் உள்ளேயே நிற்பதால், அந்தக் கதவு ஒருநாள் திறக்க மறுத்தால் அலுவலகம், பள்ளி, மருத்துவமனை எல்லாமே எட்டாத தூரத்துக்குப் போய்விடுகின்றன. வந்த புதிதில் பொத்தானை அழுத்தியதும் பலகை பலகையாக மடிந்து கூரையோரம் ஏறும் அந்தக் கதவை வியந்து பார்த்திருக்கிறேனே தவிர, அதைத் தூக்குவது எது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சென்ற ஜனவரியில் யோசிக்க வேண்டி வந்தது. உங்கள் மாப்பிள்ளை அலுவலக வேலையாக வெளியூர் சென்றிருந்தார். நள்ளிரவில் கீழே வெடி வெடித்தாற்போல் ஒரே ஒரு சத்தம் கேட்டது. அலமாரியிலிருந்து ஏதோ விழுந்திருக்கும் என்று எண்ணிப் படுத்துவிட்டேன். காலையில் குழந்தையைக் காரில் உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தியபோது, கதவு ஒரு சாண் உயரம் எழும்பி, முனகி, மீண்டும் இறங்கிவிட்டது. நான் பதற்றத்தில் இன்னும் நான்கு முறை அழுத்தினேன். அதன் பிறகு, மோட்டாரின் தண்டிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கையால் தூக்கிப் பார்த்தேன். என் பலம் அத்தனையும் சேர்ந்தும் அது நான்கு விரல்கடைக்கு மேல் அசையவில்லை. அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன்: கதவுக்கு மேலே குறுக்காக ஓடும் இரும்புத் தண்டில் சுற்றியிருந்த இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று நடுவில் இரண்டாக அறுந்து, அதன் சுருள்களுக்கு இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது.

தொலைபேசியில் கிடைத்த மெக்கானிக் நிதானமான மனிதர். கதவைத் தொட வேண்டாம், பொத்தானையும் அழுத்த வேண்டாம், மாலைக்குள் வருகிறேன் என்றார். பக்கத்து வீட்டு அம்மையார் குழந்தையைத் தம் காரில் பள்ளியில் விட்டுவிட்டு வந்தார். அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்.

மாலையில் மெக்கானிக் வந்து வேலை செய்யும்போது நான் அருகில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கதவு 16 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்டது. அதன் எடை 100 கிலோவை நெருங்கும் என்றார். அவ்வளவு எடையையும் தூக்குவது மோட்டார் அல்ல, அந்த ஸ்பிரிங்குகள்தான். கதவு இறங்கும்போது அதன் எடையே ஸ்பிரிங்கை முறுக்கி வைக்கிறது. ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்குகிறது. மோட்டாருக்கு உள்ள வேலை, ஏற்கெனவே சமன் செய்யப்பட்ட எடையை இப்படியும் அப்படியும் நகர்த்துவது மட்டுமே. ஆகவே ஸ்பிரிங் அறுந்த பிறகு நான் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு முறையும், தன்னால் தாங்க முடியாத எடையை அந்தச் சிறிய மோட்டாரின் பற்சக்கரத்தின் மேல் ஏற்றியிருக்கிறேன். அது உடையாமல் தப்பியது என் நல்ல காலம்.

சாதாரண ஸ்பிரிங் ஏறத்தாழ 10,000 முறை கதவு ஏறி இறங்குவதற்கென்று செய்யப்படுகிறதாம். நாளுக்கு நான்கு முறை என்று கணக்கிட்டால் ஏழு ஆண்டுகளுக்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே நாளில் மாட்டியவை என்பதால், அறுந்ததை மட்டும் மாற்றினால் மற்றதும் விரைவில் அறும் என்று சொல்லி இரண்டையும் மாற்றினார். அது நியாயமான யோசனை என்றே எனக்கும் பட்டது. புதிய ஸ்பிரிங்கின் தலைப்பில் உள்ள துளைகளில் இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று கால் சுற்றாக ஏறக்குறைய 30 முறை முறுக்கினார். அப்போது என்னைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். கம்பி கை நழுவினால் சுழன்று வந்து எலும்பை முறித்துவிடும் என்றும், பொருந்தாத ஸ்குரூ டிரைவரைச் செருகி முறுக்கப்போய்க் கையை இழந்தவர்கள் உண்டு என்றும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தபோது அது மிகைப்பேச்சாகத் தோன்றவில்லை.

அப்பா, உங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான். தண்ணீர் மோட்டாரையும் மிதிவண்டியையும் நீங்களே கழற்றிப் பூட்டிச் சரிசெய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பழுதான பொருளை அப்படியே விட்டுவிட உங்கள் மனம் கேட்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஸ்பிரிங்கையும், அது மாட்டியிருக்கும் தண்டையும், கதவின் கீழ்மூலைகளில், கதவைத் தூக்கும் இரும்புக் கேபிளைப் பிடித்திருக்கும் தகடுகளையும் தொடாதீர்கள். அந்தத் தகட்டின் திருகு சாதாரணத் திருகைப் போலவேதான் தோன்றும். அதைத் தளர்த்தினால் கதவின் முழு இழுவிசையும் அந்த நொடியில் உங்கள் கைமேல் பாயும்.

சிவப்புக் கயிற்றைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது மோட்டாரைக் கதவிலிருந்து பிரித்துவிடும். மின்சாரம் நின்றுபோனால் அதை இழுத்துவிட்டு, இரு கைகளாலும் கதவை எளிதாகத் தூக்கலாம். ஆனால் கதவு முழுவதும் மூடியிருக்கும்போதுதான் அதை இழுக்க வேண்டும். திறந்தோ பாதியிலோ நிற்கும் கதவில் ஸ்பிரிங் அறுந்திருந்தால், அதுவரை மோட்டார் பிடித்து நிறுத்தியிருந்த எடை கயிறு இழுபட்டதும் அப்படியே கீழே விழும். கலிபோர்னியாவில் 2017ஆம் ஆண்டுக் காட்டுத்தீயின்போது மின்சாரம் நின்று, கதவைத் திறக்க முடியாமல் சிக்கிக்கொண்ட முதியவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்தில் 2019 ஜூலை முதல் விற்கப்படும் மோட்டார்களில், மின்சாரம் நின்றாலும் கதவை இயக்கும் பேட்டரி கட்டாயமாயிற்று. எங்கள் மோட்டார் பழையது, பேட்டரி இல்லாதது. ஆகவே நீங்கள் வந்த முதல் வாரத்திலேயே அம்மாவும் நீங்களும் அந்தக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

கதவு மூடாமல் பாதி வழியில் திரும்பி மேலே ஏறினால் பயப்பட வேண்டாம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், கதவின் இருபுறமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சிறிய சென்சார் கண்கள் இருக்கும். குறுக்கே குழந்தையோ பூனையோ நின்றால் கதவு இறங்காமல் தடுப்பதற்கானவை அவை; 1993 முதல் தயாராகும் வீட்டு மோட்டார்களுக்கு இத்தகைய பாதுகாப்பு இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். சிலந்தி வலை, தூசி, சாய்ந்து விழும் மாலை வெயில், யாரோ துடைப்பத்தால் இடித்துச் சற்றுத் திருப்பிவிட்டது என்று ஏதாவது ஒன்று போதும், அவை ஏமாந்துவிடும். மென்மையான துணியால் துடைத்து, இரண்டிலும் உள்ள சிறு விளக்கு சிமிட்டாமல் நின்று எரியும்வரை நேராக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் மூடாவிட்டால், குறுக்கே எவரும் இல்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டே, சுவரிலுள்ள பொத்தானைக் கதவு தரையைத் தொடும்வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.

கடுங்குளிரில் கதவின் அடியிலுள்ள ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது பொத்தானை மேலும் மேலும் அழுத்தாமல், வெதுவெதுப்பான நீரை ஊற்றிப் பனியை இளக்கி, நீரைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் அந்த நீரே மறுபடி உறைந்துவிடும். கதவு ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ, கேபிள் தொளதொளவென்று தொங்கினாலோ, கதவின் ஓரத்துச் சிறு சக்கரமான ரோலர் அது ஓடும் தண்டவாளத்தை விட்டு வெளியே வந்திருந்தாலோ, அதன் அடியில் ஒரு கணமும் நிற்காமல் உள்ளே வந்து சமையலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மெக்கானிக்கின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இன்னொன்று: கதவு திறக்காத நேரத்தில், உள்ளே கொஞ்சம் சூடாகட்டும் என்று யாரும் காரை இயக்கக் கூடாது. மூடிய கராஜில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்குள்ளும் அது கசிந்து பரவிவிடும்.

இவ்வளவையும் எழுதிய பிறகு, உங்கள் கைகளைக் கட்டிப்போடுகிறேனோ என்று எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதவில் உங்களுக்கென்று உரிய வேலைகளும் உண்டு. கீல்களுக்கும் ரோலர் அச்சுகளுக்கும் சிலிக்கான் தெளிப்பான் அடிக்க வேண்டும். தண்டவாளத்துக்கு எண்ணெய் கூடாது, துடைத்தால் போதும். மாதம் ஒருமுறை, மூடிய கதவின் கயிற்றை இழுத்துப் பிரித்து, கதவை இடுப்பளவு தூக்கிக் கையை மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அது அங்கேயே நிற்கும், சரிந்து இறங்கினால் மெக்கானிக்கை அழைக்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள். பிறகு மோட்டாரோடு மீண்டும் இணைத்து, திறந்த கதவின் கீழே ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைப் படுக்க வைத்து மூடினால், கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பி ஏற வேண்டும். சென்ற மாதம் இவற்றை நான் அவசரமாகத்தான் செய்தேன். இந்த மாதச் சோதனையை இன்னும் செய்யவில்லை. கட்டையும் தெளிப்பானும் கராஜின் இடப்பக்க அலமாரியில் உங்களுக்காக இருக்கின்றன.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்