சீகையை வெட்டிய பிறகு என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியில் சீகை (வாட்டில்) என்ற அந்நிய மரங்களை அகற்றுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெட்டுவதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். வெட்டிய பிறகு அந்த நிலத்தை யார் பார்த்துக்கொள்வது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

சீகை 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது. பிற்காலத்தில் தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும், ரேயான் என்ற செயற்கை இழை செய்யும் ஆலையின் மரக்கூழுக்காகவும் புல்வெளிகளில் மலை மலையாக நட்டார்கள். மரமில்லாத இடமெல்லாம் தரிசு என்று எண்ணிவிட்டார்கள். ஆனால் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்தான்.

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தைச் சாய்த்து, தரையில் வெயில் விழுந்ததும் முளைக்கத் தொடங்கிவிடும். தீப்பட்டால் கேட்கவே வேண்டாம். வெட்டுப்பட்ட மரத்தின் வேரிலிருந்தும் கன்றுகள் கிளம்பும். ஒரே மூச்சில் மொட்டையடித்து, மரத்தை லாரியில் ஏற்றிவிட்டுப் போனால், சில ஆண்டுகளில் பழைய தோப்பைவிட அடர்ந்த புதர்தான் மிஞ்சும்.

எல்லா இடத்திலும் ஒரே முறை செல்லாது. சோலையை, அதாவது மலையின் இயற்கைக் காட்டை, ஒட்டிய பழைய சீகைத் தோப்புகளில், நிழலுக்கு அடியில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் அவையும் சேர்ந்து நசுங்கும். நடுநடுவே சில மரங்களை மட்டும் எடுத்து, கன்றுகள் உயர உயர மற்றவற்றை எடுப்பதே சரி. புல்வெளியில் இப்போதுதான் ஒன்றிரண்டாகத் தலைகாட்டும் சீகைக் கன்றுகளை முதலில் பிடுங்க வேண்டும். அங்கே புல் இன்னும் உயிரோடு இருக்கிறது, செலவும் குறைவு. நாம் பெரிய தோப்பிலேயே கண்ணாக இருக்கிறோம், மரம் அங்கேதானே கிடைக்கிறது!

அந்நியத் தாவரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 2022-இல் தமிழக அரசு இதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. அப்புறம் என்ன தடை? வெட்டும் ஒப்பந்தத்தோடு, அடுத்தடுத்த ஆண்டுகளில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குவதற்கான பணத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அந்த வேலையை மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு நிரந்தரக் கூலி வேலையாகக் கொடுக்கலாம். இதைப் பற்றி வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை உங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி