மெனோவுக்குக் கதவு திறந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். லூத்தருக்கும் கால்வினுக்கும் பக்கம் பக்கமாக இடம் தந்த கட்டுரையாளர், வளர்ந்த பிறகு பெறுவதே ஞானஸ்நானம் என்று சொன்ன அனபாப்டிஸ்டுகளை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். அதுவும் 1534-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரைப் பிடித்துக்கொண்டு வாளேந்திய கூட்டமாக மட்டும். அது நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாளே வேண்டாம் என்று சொல்லி, சிதறிப்போன அதே மக்களுக்கு சபை மூப்பராக இருந்த மெனோ சைமன்ஸ் பெயர்கூட கட்டுரையில் இல்லையே என்று மனம் வலித்தது.

மெனோ, நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். 1531-இல் அங்கே லேவார்டன் நகரில் சிக்கே என்ற தையல்காரரின் தலையை வெட்டினார்கள். வளர்ந்த பிறகு மறுபடி ஞானஸ்நானம் பெற்றதுதான் குற்றம். இரண்டாவது ஞானஸ்நானமா, இதென்ன புதுசு என்று மெனோ வேதத்தைப் புரட்டினார். குழந்தை ஞானஸ்நானத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. சரி, உடனே வெளியே வந்தாரா என்றால் இல்லை. வருடக்கணக்கில் பூசை வைத்துக்கொண்டுதான் இருந்தார். 1535-இல் போல்ஸ்வர்ட் அருகே ஒரு மடத்தைப் பிடித்த அனபாப்டிஸ்டுகள் கொன்று குவிக்கப்பட்டார்கள். வழிதவறியவர்களே நம்பியதற்காக உயிரைக் கொடுத்தார்கள், எல்லாம் தெரிந்த நான் சொகுசாக இருக்கிறேனே என்று குமைந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1536-இல் பதவியை உதறினார்.

அப்புறம் 25 வருடம் ஓட்டம்தான். 1542-இல் அவர் தலைக்கு 100 கில்டர் (அந்நாளைய நாணயம்) விலை வைத்தார்கள். சோறு போடுவதும், இடம் கொடுப்பதும், அவர் புத்தகத்தை வைத்திருப்பதும்கூடக் குற்றம். மனைவியும் சிறு பிள்ளைகளும் அரை வருடமாவது நிம்மதியாகத் தங்க ஒரு குடிசை கிடைக்கவில்லை என்று 1544-இல் எழுதினார். மற்ற போதகர்கள் மெத்தையில் படுத்திருக்க, தாங்கள் மூலையில் ஒளிந்துகொண்டு, நாய் குரைத்தால் பிடிக்க வந்துவிட்டார்களோ என்று திடுக்கிடுவதாக இன்னோர் இடத்தில் சொல்கிறார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சபையிலிருந்து விலக்கப்பட்டவரோடு கணவனோ மனைவியோகூட ஒட்டக் கூடாது என்ற கடுமையான நிலையைக் கடைசிக் காலத்தில் எடுத்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1561 ஜனவரியில் வட ஜெர்மனியில் வூஸ்டன்ஃபெல்டே என்ற கிராமத்தில் இறந்தார். சொந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். பிறகு முப்பதாண்டுப் போரில் அந்தக் கிராமமே அழிந்துபோனது.

ஆனால் மெனோ தன் படுக்கையில் செத்தார். டியார்ட் ரெய்னர்ட்ஸுக்கு அது கிடைக்கவில்லை. இரக்கப்பட்டு மெனோவை ரகசியமாக வீட்டில் தங்கவைத்ததற்காக 1539-இல் அவரைச் சக்கரத்தில் ஏற்றிக் கொன்றார்கள். குற்றம் சொல்ல முடியாத மனிதர் என்று பகைவர்களே ஒப்புக்கொண்டதாக மெனோ எழுதியிருக்கிறார். அடுத்த முறை மியூன்ஸ்டர் கதையை வெளியிடும்போது, தயவுசெய்து இந்த டியார்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்