கம்பெனி சார்ஜரில் லோக்கல் பேட்டரி: கேமரா நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கேமரா தயாரிப்பு நிறுவனங்களின் இந்தியப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாணங்களுக்குப் படமெடுத்துப் பிழைப்பவன் நான். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி மறுநாள் கடைசிப் பந்தி எழும்வரை இரண்டு கேமராக்கள் ஓடுவதற்கு எட்டு பேட்டரியாவது கைவசம் இருக்க வேண்டும். எட்டையும் உங்கள் விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகாததால், இரண்டு கம்பெனி பேட்டரி, ஆறு லோக்கல் பேட்டரி என்பதே எங்கள் பைகளின் நிலவரம்.

லோக்கல் பேட்டரிகளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கேனானின் எல்பி-இ6 பேட்டரி 1800 எம்ஏஎச் கொள்ளளவுடன் வந்தது. அதே வடிவில் பின்னர் வந்த எல்பி-இ6என்எச் 2130-ஐ எட்டியது. அந்தக் கூட்டுக்குள் 2650 இருப்பதாகத் துணிந்து அச்சடிக்கும் கடைச்சரக்கை நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். என் முறையீடு, லோக்கல் பேட்டரியை ஏற்க மறுக்கும் உங்கள் சார்ஜரைப் பற்றியது.

இவ்வகை பேட்டரிக்குள் இரண்டு லித்தியம் அயான் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. சார்ஜர் முதலில் சீரான மின்னோட்டத்தைச் செலுத்தி, 8.4 வோல்ட்டை எட்டியதும் அந்த மின்னழுத்தத்திலேயே நிறுத்திவைத்து, ஓட்டம் மெல்லக் குறைந்து அடங்கியபின் துண்டிக்க வேண்டும். பிளஸ், மைனஸ் தவிரப் பேட்டரியில் இருக்கும் சிறு தகடுகளில் ஒன்று, உள்ளே உள்ள தெர்மிஸ்டர் என்னும் சூடு உணரும் பாகத்தின் வழியாகச் செல்லின் சூட்டைச் சார்ஜருக்குத் தெரிவிப்பது. மற்றொன்று, உள்ளிருக்கும் சிப் தான் யார் என்று அடையாளம் சொல்வது. சூட்டைக் கேட்டு மறுக்கும் சார்ஜரை நான் கும்பிடுவேன். குலம் கோத்திரம் கேட்டு மறுக்கும் சார்ஜரோடுதான் எனக்கு வழக்கு.

ஒரு முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, கேமராவில் ஒழுங்காக வேலை செய்த லோக்கல் பேட்டரியைக் கம்பெனி சார்ஜரில் செருகினேன். விளக்கு படபடவென்று மின்னியதே தவிர, சார்ஜ் ஏறவில்லை. வேறு வழியின்றி, பக்கத்துக் கடையில் வாங்கிய இரட்டை யூஎஸ்பி சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்தேன். அதில் இருந்தவை இரண்டே தகடுகள். சூட்டை அறிய மூன்றாவது தகடே கிடையாது. விடியற்காலை நாலரைக்குத் தொட்டபோது பேட்டரி சுட்டது, வயிறு அப்பளம்போல உப்பியிருந்தது. கேமராவுக்குள் அது பாதிதான் இறங்கியது. வெளியே இழுக்க நகம் பெயர்ந்தது. உள்ளே முழுவதும் இறங்கியபின் உப்பியிருந்தால் கேமராவையே பிரித்திருக்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்புக்காகவே மறுக்கிறோம் என்பீர்கள். ஆனால் அந்த மறுப்பால் பேட்டரி குப்பைக்குப் போவதில்லை. அழுத்தத்தையும் சூட்டையும் சரியாகக் கவனிக்கும் உங்கள் சார்ஜரிலிருந்து, எதையுமே கவனிக்காத ஒன்றுக்குத்தான் போகிறது. இப்போது சில கேமராக்களின் பெட்டியில் தனிச் சார்ஜரே வருவதில்லை; யூஎஸ்பி-சி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் செய்யச் சொல்கிறீர்கள். உப்பினால் நஷ்டம் எங்கே விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் இத்தகைய பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 என்ற இந்தியப் பாதுகாப்புத் தரத்தின்படி கட்டாயப் பதிவு ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அந்தப் பதிவு எண் தாங்கிய பேட்டரிகளையாவது, அழுத்தமும் சூடும் வரம்புக்குள் இருக்கும்வரை, உங்கள் சார்ஜர்கள் ஏற்கும்படி செய்யுங்கள். சிப்பைப் படிக்க முடியாவிட்டால் மெதுவாகச் சார்ஜ் ஏற்றட்டும். நேரம் கூடுதலாக ஆனாலும் எங்களுக்குச் சம்மதமே. அதுவும் இயலாதெனில், சிப் அடையாளம் தெரியாததற்கும் செல் பழுதானதற்கும் விளக்கு வெவ்வேறு விதமாக மின்னட்டும். எந்த மின்னலுக்கு என்ன பொருள் என்பதைக் கையேட்டில் அச்சிடுங்கள். நல்ல பேட்டரியைத் தூக்கியெறிவதும் கெட்டதை வேறு சார்ஜரில் போட்டுப் பார்ப்பதும் அதனாலாவது குறையும்.

இப்படிக்கு,
கல்யாணப் படக்காரன் ஒருவன்,
கும்பகோணம்